கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

2018 ஆகஸ்ட் 30. மலேசியாவின் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் முகமட் லுக்மான் என்ற 29 வயது இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவரிடம் பிடிபட்டவை 3.1 லிட்டர் கஞ்சா எண்ணெய், 279 கிராம் கஞ்சா, கஞ்சாச் சத்து கலந்த வேறொரு பொருள் 1.4 கிலோ. நோயாளிகளுக்குக் கொடுக்கத்தான் வைத்திருந்தார் என்று அவர் பக்கம் சொல்லப்பட்டது. மேல்முறையீட்டுக்கு வழியுள்ள தீர்ப்புதான். ஆனாலும் நாடு முழுக்கப் பேச்சு கிளம்பி, அப்போது பிரதமராக இருந்த மகாதீரே அந்தத் தண்டனையை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லும்படி ஆயிற்று.

அடுத்த மாதமே, ஷா ஆலம் இருக்கும் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில், ஆட்கள் வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் மங்கல். மலிவு விலை விஸ்கியிலும் பீரிலும் மெத்தனால் கலந்திருந்தது. உடம்புக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைக் கெடுக்கும், பிறகு ஆளையே கொல்லும். முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களில் நேப்பாளிகளும் மியன்மார்காரர்களும் இருந்தார்கள், நம் நாட்டவர்களும் இருந்தார்கள். மலிவாக ஒரு போத்தல் கிடைக்காதா என்று தேடியவர்கள்.

மது சட்டத்துக்கு உட்பட்ட பொருள். கடையில் கிடைக்கும், வரி கட்டியது, லேபிள் ஒட்டியது. இந்தச் சரக்கு கலப்படம், கள்ளச் சரக்கு என்பது உண்மை. அப்படியென்றால் நாம் என்ன செய்தோம்? கலப்படக்காரனைப் பிடி என்றோம், சரக்கைக் கைப்பற்று என்றோம். குடித்தவனைப் பிடித்து வைத்து மூத்திரம் எடுத்துப் பார், அவனுக்குப் பிரம்படி கொடு என்று யாரும் சொல்லவில்லை. செத்தவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றோம். சரியாகத்தான் சொன்னோம். அந்த ‘ஐயோ பாவம்’ கஞ்சா இழுத்தவனிடம் மட்டும் ஏன் போய்ச் சேர மாட்டேன் என்கிறது என்பதுதான் என் கேள்வி.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்டால், நம்மவர்களில் பெரும்பாலோர் கேள்வி முடியும் முன்பே “கூடாது” என்பார்கள். மிச்சம் இருக்கும் சிலர், பெரும்பாலும் இளையவர்கள், “அமெரிக்காவில் விற்கிறானே, கனடாவில் விற்கிறானே” என்பார்கள். இரண்டு பக்கமும் யோசிக்காமல் வரும் பதில்தான். ஒருவன் பயத்தைச் சொல்கிறான், இன்னொருவன் ஃபேஷனைச் சொல்கிறான்.

முதலில் நம் சட்டம் இந்தச் செடியை எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 200 கிராம் என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் நீங்கள் கடத்தல்காரர் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கடத்தலுக்குத் தூக்கு என்பது 1975இல் வந்தது. 1983இல் அது கட்டாயம் ஆனது. அதன் பிறகு நெடுங்காலம் நீதிபதிக்கு வேறு வழி இருக்கவில்லை. 199 கிராம் என்றால் அந்த ஊகம் இல்லை, ஒரு கிராம் கூடினால் கழுத்து. இப்போது சென்னைக்குப் போங்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா ‘சிறு அளவு’. அதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது அபராதத்தோடு போய்விடும். 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு. அதே சட்டத்தில் கஞ்சாச் செடியின் இலை மட்டும் குற்றத்தில் சேராது. வட நாட்டில் பாங் அரைத்துக் குடிக்கிறார்களே, அதற்காக விட்டு வைத்த சந்து.

இனி ஜொகூர் பாலத்தைத் தாண்டுங்கள். சிங்கப்பூரில் 500 கிராமைத் தாண்டினால் தூக்கு. 2023 ஏப்ரல் 26ஆம் தேதி சாங்கி சிறையில் தங்கராஜு சுப்பையாவைத் தூக்கிலிட்டார்கள். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்தத் துணைபோனார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் இருந்து பிடிபடவில்லை. தொலைபேசி எண்கள்தான் அவரை அதோடு கட்டின. சென்னையில் அந்தப் பொட்டலம் ‘சிறு அளவை’ 17.9 கிராம் தாண்டியிருக்கும்.

ஒரே செடி. அது மனித உடம்பில் செய்யும் வேலை மூன்று ஊரிலும் ஒன்றே. தண்டனை மட்டும் அபராதத்தில் தொடங்கித் தூக்குக் கயிற்றில் முடிகிறது என்றால், அந்த அளவுகோல் தீங்கைப் பார்த்துச் செய்ததா, பழக்கத்தைப் பார்த்துச் செய்ததா? சாமி விஷயத்தில், சாதி விஷயத்தில், ‘முன்னோர் சொன்னார்கள்’ என்றால் ஏன் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, சட்டப் புத்தகத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்து ஏன் என்று கேட்க வராமல் போவானேன்?

நம் நாடாளுமன்றமே கடைசியில் கேட்டது. 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள். ஜூலை 4 முதல் நடைமுறை. இப்போது நீதிபதி தூக்கும் கொடுக்கலாம், ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். மரண தண்டனை எந்தப் பலனை எதிர்பார்த்துக் கொண்டுவரப்பட்டதோ அந்தப் பலனை அது தரவில்லை என்று அப்போதைய சட்டத் துறைத் துணையமைச்சர் ராம்கர்பால் சிங் மக்களவையில் சொன்னார். நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த ஒப்புதல். 2019 தொடக்கத்தில் மரண தண்டனைக் கைதிகளாக 1,281 பேர் இருந்ததாகவும், அவர்களில் 73 விழுக்காட்டினர் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள் என்றும் அம்னெஸ்டி மலேசியா கணக்கு வெளியிட்டது. இத்தனை பேரை வரிசையில் நிற்க வைத்தும் தாமானில், பிளாட்டில் சியாபு (மெத்தம்ஃபெட்டமின்) கிடைக்காத மூலை ஏதாவது இருக்கிறதா? பெற்றோர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். உள்ளே மாப்பிள்ளை, பெண்ணுக்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே ஒரு காரின் பூட் திறந்திருக்கிறது. ஐஸ் பெட்டி, காகிதக் குவளை அடுக்கு, கறுப்பு லேபிள் போத்தல், ஒரு பொட்டலம் முறுக்கு. வெள்ளை வேட்டியும் கழுத்தில் சங்கிலியுமாய் ஒரு மாமா. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். பேச்சு யாரோ ஒரு பையன் பிடிபட்டதில் வந்து நின்றது.

“இந்தக் கஞ்சா பசங்கள எல்லாம் உள்ள தூக்கிப் போட்டு ரோத்தான் குடுக்கணும் தம்பி. நம்ம இனத்தோட பேரையே கெடுத்துட்டானுங்க.”

“நீங்க இப்ப வண்டி ஓட்டிக்கிட்டுத்தானே மாமா வீட்டுக்குப் போகணும்?”

“அது வேற, இது வேற தம்பி. நான் அளவாதான் போடுவேன்.”

அவர் கெட்டவர் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு நடத்த இடம் கொடுத்தவர். ஆனால் “அது வேற” என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. 2010இல் டேவிட் நட் என்ற பிரிட்டிஷ் பேராசிரியரும் அவருடைய குழுவும் இருபது போதைப்பொருள்களை எடுத்து, உட்கொள்கிறவனுக்கு எவ்வளவு கேடு, பிறருக்கு எவ்வளவு கேடு என்று நூற்றுக்குப் புள்ளி போட்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மது 72. ஹெரோயின் 55. புகையிலை 26. கஞ்சா 20. எண்களைப் பற்றிச் சண்டை போடலாம், போட்டிருக்கிறார்கள். மது எல்லாருக்கும் கிடைப்பதால்தான் அதன் கேடு அதிகமாகத் தெரிகிறது என்பது நியாயமான வாதம். ஆனால் கஞ்சாவை மதுவுக்கு மேலே கொண்டுபோய் வைக்க எந்தக் கணக்கு போட்டாலும் மூச்சு முட்டும். மாமாவுக்கு இருக்கும் ஒரே ஆதாரம், அவர் குடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பது. சட்டம் ஏன் அனுமதிக்கிறது என்று கேட்டால், எல்லாரும் குடிக்கிறார்கள் என்பது. பல்லி விழுந்த பலன் சொல்கிறவனுடைய தர்க்கமும் ஏறக்குறைய இதுதான்.

கஞ்சா நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அடிமையாக மாட்டோம் என்பது புளுகு. 1994இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு தடவையாவது கஞ்சா பயன்படுத்தியவர்களில் 9 விழுக்காட்டினர் அதற்கு அடிமையானதாகக் கண்டது. மதுவுக்கு 15, புகையிலைக்கு 32. ஒன்பது என்பது பூஜ்யம் இல்லை. பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்குகிறவனுக்கும், வீட்டில் ஏற்கெனவே மனநோய் உள்ளவனுக்கும், அடிக்கடி வீரியம் கூடிய சரக்கை இழுக்கிறவனுக்கும் மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ‘இயற்கை மூலிகை, ஒன்றும் செய்யாது’ என்கிறவனிடம் அரளியும் இயற்கைதான் என்று சொல்லுங்கள். ‘சிவனே குடித்தது’ என்று கிளம்புகிற பக்தர்களும் உண்டு. சிவன் நஞ்சும் குடித்ததாகத்தான் கதை. கதையை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது, சட்டமும் எழுத முடியாது.

அப்படியானால் கெடுதல் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகும் தண்டனை கூடாது என்கிறேனே, ஏன்? தண்டனை எப்படி வேலை செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும்.

இரவில் சாலைத் தடுப்பு. அல்லது ஒட்டுக்கடை மேசையில் நாலு பையன்கள். ஐசி எடு, பையைக் காட்டு. பையில் ஒன்றும் இல்லை. சரி, ஸ்டேஷனுக்கு வா. ஒரு பிளாஸ்டிக் குப்பி கொடுப்பார்கள். அதில் நனைத்துப் பார்க்கும் பட்டையில் கோடு விழுகிறதா இல்லையா என்பதில் அவன் அடுத்த சில ஆண்டுகள் இருக்கின்றன. ‘பாசிட்டிவ்’ என்றால் 15ஆவது பிரிவு. இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அதற்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் கண்காணிப்பு. அவன் யாரையும் அடிக்கவில்லை, யாரிடமும் திருடவில்லை, யாருக்கும் விற்கவில்லை. அவன் உடம்பில் ஒன்று இருந்தது, அவ்வளவுதான் குற்றம்.

அந்தப் பட்டை எதைக் காட்டுகிறது என்பது இன்னும் சுவாரசியம். அவன் இப்போது போதையில் இருக்கிறானா என்று அது சொல்லாது. கஞ்சாவின் சத்து கொழுப்பில் தங்கும் வகை. போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும், ஆனால் அதன் எச்சம் சிறுநீரில் சில நாட்கள், வழக்கமாக இழுக்கிறவன் என்றால் பல வாரங்கள்கூட, வந்துகொண்டே இருக்கும். சியாபு இரண்டு மூன்று நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். விஸ்கி மறுநாள் காலையில் இருக்காது. ஆகவே சனிக்கிழமை கஞ்சா இழுத்தவன் அடுத்த வெள்ளிக்கிழமைகூட மாட்டலாம். சனிக்கிழமை சியாபு ஏற்றியவன் தப்பிக்கலாம். கேடு குறைந்ததற்கு மாட்டும் வாய்ப்பு அதிகம், கேடு கூடியதற்குக் குறைவு. இதைப் பையன்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வேலைக்கு முன் யூரின் டெஸ்ட் உண்டு என்றால் எதை விட்டு எதற்குப் போவது என்று கணக்குப் போடவும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் போதை ஒழிப்பு.

மாஜிஸ்திரேட் கோர்ட் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்குச் சட்டம் வக்கீல்களுக்கு நிகராகத் தெரியும். “யூரின் மட்டும்தாங்க. கையில பொருள் ஒண்ணும் இல்ல” என்று பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லும்போது அதில் ஒரு நிம்மதி இருக்கும். பொருள் இருந்திருந்தால் 20 கிராமிலிருந்து பிரம்படிக் கணக்கு தொடங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அபராதப் பணத்தைச் சீட்டு எடுத்தோ சங்கிலியை அடகு வைத்தோ கொண்டு வந்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகள் எந்த வட்டாரத்திலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். காவலாளி வைத்த கொண்டோமினியத்தின் பதினெட்டாவது மாடியில் பால்கனியில் நின்று இழுக்கிறவனுடைய மூத்திரம் குப்பிக்கு வருவதில்லை. லிஃப்ட் வேலை செய்யாத பிளாட்டின் படிக்கட்டில் உட்கார்ந்தவனுடையது வருகிறது.

ஒருமுறை பதிவான பிறகு அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பாதுகாவலர் வேலைக்குக்கூடப் பழைய கேஸ் உண்டா என்று கேட்கிறார்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றில் உள்ள நாற்பதாயிரம் சொச்சம் பேரில் 71 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றது. நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு. அந்தப் பட்டியலைப் பார்த்து மேடைக்கு மேடை கண்ணீர் விட்டோம். கும்பலுக்கு ஆள் எங்கிருந்து கிடைக்கிறது? பள்ளி விட்டவன், லோக்காப் பார்த்தவன், வேலை கிடைக்காதவன். கஞ்சாவை விற்பவனே சியாபுவையும் விற்பவன், ஆள் சேர்ப்பவனும் அவனே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி செய்வது செடி அல்ல, ஒரே ஆளிடம் இரண்டையும் வாங்க வைக்கிற தடை. நெதர்லாந்துக்காரர்கள் 1976இலேயே இதைப் புரிந்துகொண்டு கஞ்சா வாங்குகிறவனை ஹெரோயின் விற்கிறவனிடமிருந்து பிரித்து வைத்தார்கள்.

சரி, அப்படியானால் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவே ஒரு கஞ்சாக் கடை திறந்துவிடலாமா? அதற்கும் நான் மாட்டேன் என்கிறேன். அதற்குக் காரணம் கிள்ளானில் இருக்கிறது.

1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். தலைமை ஆர்.எச். நாதன். அவர்கள் வைத்த கோரிக்கைகளை இன்றைக்குப் படித்தாலும் ரத்தம் சூடாகும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும். பெண்களிடம் கைவைப்பது நிற்க வேண்டும். துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும். கூடவே இன்னொன்று: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். நாதனை மே மாதம் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கலவரம் மூண்டது, ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் அதே கோரிக்கையோடு கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றார்கள். அங்கும் அடியும் சூடும்தான் பதில்.

கள்ளுக்கடை என்பது சும்மா ஒரு கடை அன்று. அரசு உரிமம் கொடுக்கும், தோட்ட நிர்வாகம் நடத்தும். காலையில் கூலி கொடுத்த கை மாலையில் அதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். குடித்துக் கிடக்கிறவன் சங்கம் சேர மாட்டான், கடன்காரன் தோட்டத்தை விட்டு ஓட மாட்டான். சீனர்களிடம் இதையே அபினியில் செய்தார்கள். முதல் உலகப் போருக்கு முன், சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் அழகான கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அந்தத் தொழிலாளர்கள் கேட்டதைக் கவனியுங்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அவர்களிலும் குடிக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். கடையை மூடு என்றார்கள். எங்களில் குடிக்கிறவனைப் பிடித்து உள்ளே போடு என்று கேட்கவில்லை. பிடிக்க வேண்டியது யாரை, விட வேண்டியது யாரை என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. இன்று பட்டம் வாங்கிய நாம், சங்கம் வைத்துக் கருத்தரங்கு நடத்தும் நாம், நேர்மாறாகப் பேசுகிறோம். இழுக்கிறவனுக்கு ரோத்தான் என்கிறோம். விற்று லாபம் பார்க்க உரிமம் கிடைக்குமென்றால், ‘பொருளாதார வாய்ப்பு’ என்று ஒரு பட்டறையும் நடத்துவோம்.

பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தபோது இந்தத் தோட்டத்து மக்களிடம் பேசினார். அவரும் ஒரு காலத்தில் மதுவிலக்குக்காரர். காங்கிரஸில் இருந்தபோது கள்ளுக்கு விடுவதில்லை என்று தன் தோப்பில் ஐந்நூறு தென்னைகளுக்கு மேல் வெட்டிச் சாய்த்தவர். பின்னாளில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கை எதிர்த்தார். 1971இல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியபோதும் அதைக் குற்றம் சொல்லவில்லை. மேடையில் அவரை வணங்குகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். சட்டத்தால் ஒருவனுடைய நாக்கைக் கட்ட முடியுமா, கட்டினால் யார் பிழைக்கிறான் என்று நடப்பைப் பார்த்து நிலையை மாற்றிக்கொண்ட இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் போய்ச் சேர்ந்த இடம் எல்லாவற்றிலும் எனக்குச் சம்மதம் இல்லை. கடை திறந்த தமிழ்நாட்டின் கதி தெரிந்ததுதானே. தனியார் கையில் இருந்தது, பிறகு அரசே விற்பனைக்காரன் ஆனது, இப்போது அந்த வருமானம் இல்லாமல் அரசு நடக்காது என்ற நிலை.

அரசுக்கு ஆசை வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு வரை போக வேண்டாம். 2023 மார்ச் 31இல் நம் அரசு திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. மறுநாளே ஒரு மில்லி லிட்டருக்கு 40 காசு வரி. பிள்ளைகளுக்கு வேப் விற்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1இல். நடுவில் ஒன்றரை ஆண்டு, மாம்பழ வாசனையும் பபுள்கம் வாசனையுமாய், படிவம் இரண்டு படிக்கும் பிள்ளை வாங்கினாலும் தடுக்கச் சட்டம் இல்லை. வரி முந்திக்கொண்டது, பாதுகாப்பு பின்னால் நடந்து வந்தது. தாய்லாந்தும் கஞ்சாவில் இதையே செய்தது. 2022 ஜூன் 9இல் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒழுங்குபடுத்தும் சட்டம் வரவே இல்லை, கடைகள் மட்டும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்ப இறுக்கினார்கள். தடை போட்டவனும் யோசிக்கவில்லை, திறந்தவனும் யோசிக்கவில்லை.

மருந்து விஷயம் தனி. அதில் இவ்வளவு இழுபறி எதற்கு என்றே எனக்குப் புரிவதில்லை. கஞ்சாவிலிருந்து எடுத்த வலிப்பு மருந்து ஒன்றை அமெரிக்க மருந்துத் துறை 2018 ஜூனில் அங்கீகரித்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு வகைகளுக்கானது, போதை தராதது. அதே ஆண்டு செப்டம்பரில், ஷா ஆலம் தீர்ப்பின் சூட்டில், அப்போதைய அமைச்சர் சேவியர் ஜெயகுமார், கஞ்சாவின் மருத்துவப் பயன் பற்றி அமைச்சரவை பேசியதாக வெளியில் சொன்னார். பல் மருத்துவர், கிள்ளான் வட்டார அரசியல்வாதி. 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், பதிவு செய்த பொருளாக இருந்தால் மருத்துவத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்தச் சட்டத்தில் தடை இல்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் கொடுத்தார். காகிதத்தில் கதவு திறந்தே இருக்கிறது. நடைமுறையில் வலியில் கிடப்பவன் தெருவில் எண்ணெய் விற்பவனைத்தான் தேடிப்போகிறான். அப்படி நோயாளிகள் தேடிப் போன ஒருவருக்கு ‘டாக்டர் கஞ்சா’ என்று ஊர் பெயர் வைத்தது. அமிருடின் நடராஜன் அப்துல்லா, ஓய்வு பெற்ற ராணுவ கேப்டன். 2017இல் பிடிபட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளோடு ஷா ஆலம் கோர்ட்டில் நின்றார். வைத்தியப் படிப்பு இல்லாதவர் மருந்து கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், எண்ணெயில் என்ன இருக்கிறது என்று யார் சோதித்தது? ஆனால் அவரைத் தேடிப் போன நோயாளிகளுக்கு வேறு எந்தக் கதவைக் காட்டினோம் என்பதற்கும் பதில் வேண்டும்.

ஆகவே என் கட்சி இது. பயன்படுத்துகிறவனை, சொந்தத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவனை, குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடு. போர்ச்சுகல் 2001 ஜூலையிலேயே எடுத்துவிட்டது, எல்லாப் போதைப்பொருளுக்கும். அங்கே பிடிபட்டவன் நீதிபதிக்கு முன்னால் நிற்பதில்லை, ஒரு ஆலோசனைக் குழு முன் உட்காருகிறான். நாடு கவிழ்ந்துவிடவில்லை. நம் சுகாதார அமைச்சர் சுல்கிஃப்ளி அகமட் 2019 ஜூனில் இதே திசையில் போகப்போவதாக அறிவித்தார். எட்டு மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது, பேச்சும் போயிற்று. அடிமையானவனை நோயாளியாகப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. எச்ஐவி பரவிய காலத்தில், 2005இலிருந்து, ஹெரோயின்காரர்களுக்கு மெத்தடோன் கொடுத்தோம், பிறகு ஊசியும் கொடுத்தோம். பிரசங்கம் செய்வதை விட உயிர் காப்பது முக்கியம் என்று அரசு ஒருமுறை முடிவெடுத்துக் காட்டியிருக்கிறது.

அதே மூச்சில், கடை வேண்டாம். விளம்பரம் வேண்டாம், பங்குச் சந்தையில் கஞ்சாக் கம்பெனி வேண்டாம், வரவு செலவுத் திட்டத்தில் கஞ்சா வரி என்று ஒரு வரிசை வேண்டவே வேண்டாம். 21 வயதுக்குக் கீழ் உள்ளவனிடம் கொடுப்பவனைச் சும்மா விடாதே.

இதில் ஓட்டை இருக்கிறது, நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வைத்திருப்பது குற்றம் இல்லை, விற்பது குற்றம் என்றால் அவன் எங்கே போய் வாங்குவான்? அதே கும்பலிடம்தானே? போர்ச்சுகல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு பதிலை முயன்று பார்க்கிறது. வயது வந்தவர் வீட்டில் மூன்று செடி வரை வளர்த்துக்கொள்ளலாம், அல்லது லாபம் பார்க்காத சங்கத்தில் உறுப்பினராகி அங்கே வளர்ப்பதில் பங்கு வாங்கிக்கொள்ளலாம். விற்பனை இல்லை. எவனும் பணக்காரன் ஆக முடியாது, எந்த அமைச்சும் அதை நம்பிப் பிழைக்க முடியாது. கடையை மூடச் சொன்ன கிள்ளான்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சொந்தத் தேவைக்கு இரண்டு தென்னையில் கள் இறக்குவதும் துரையின் கவுண்டரில் வரிசையில் நிற்பதும் ஒன்றா?

நம் சட்டத்தில் இதற்கு 6பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கஞ்சாச் செடி வளர்த்தால் ஆயுள் தண்டனை, குறைந்தது ஆறு பிரம்படி. எத்தனை செடி என்று அது கேட்பதில்லை. மரண தண்டனையைத் திருத்தியபோது நாடாளுமன்றத்தில் இதைத் தொட்டுப் பேச நமக்கு நேரம் இருக்கவில்லை. அடுத்த தேர்தலில் உங்கள் தாமானுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சங்கடப்படுவார். கோயில் மண்டபத்துக்கு மானியம் பற்றிப் பேச்சை மாற்றுவார். மாற்ற விடாதீர்கள்.